விருப்ப ஒழுங்கு

போன வருச வெட்டுப்புள்ளிக்கு
நூறில் இரண்டு பங்கு கீழே நிற்கிறேன்.
இந்த வருசத்தது எங்கே விழும் என்று
இன்னும் ஒருவருக்கும் தெரியாது.
தெரியாத ஒன்றின் முன்னால்
ஆசைகளுக்கு இலக்கம் போடச் சொல்கிறது விண்ணப்பம்.

நூறில் இரண்டு பங்கு என்றால் எவ்வளவு?
உயிரியல், பல்தேர்வு, முப்பத்தொன்றாம் கேள்வி.
இதய வால்வு.
மூன்றில் புள்ளடி போட்டேன்.
பிறகு அதை வெட்டிவிட்டு ஐந்தில் போட்டேன்.
மூன்றுதான் சரி.
வெட்டினது நான்.

கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.
மருத்துவம் என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால்
நாட்டின் ஊர்களெல்லாம் வரிசையில் வந்து நின்றன:
கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், களனி,
காலி, அநுராதபுரம், மட்டக்களப்பு.
காலியில் எப்படி மழை பெய்யும்?
இரத்தினபுரிக்கு எத்தனை பஸ் மாறவேணும்?
பார்க்காத ஊர்களை விரும்புவது சுகம்.
அவை மறுத்துப் பேசுவதில்லை.

ரியூசன் சேர் சொன்னார்:
"மெடிசின் எல்லாத்தையும் போடு, கீழே ஒண்டும் போடாதை.
கிடைக்காட்டி திரும்ப எடு."
இது இரண்டாந்தரம் என்பது
அவருக்கு மறந்துபோய்விட்டது.
சின்னம்மா கனடாவிலிருந்து எடுத்தா:
"ஜோர்ஜியாவில காசு கட்டிப் படிக்கலாமாம்."
ஆருடைய காசு என்று அவ சொல்லவில்லை.

கம்சாயினி கிளிநொச்சியிலிருந்து கேட்டாள்:
"என்ன போட்டனி?"
அவளுடைய புள்ளி என்னுடையதிலும் குறைவு.
அவளுடைய மாவட்டம் அவளை எடுக்கும்.
ஒரே வாங்கில் இருந்து ஒரே கொப்பியைப் பார்த்து எழுதினோம்.
அவளின் பள்ளிக்கூடத்துக்கு
இரசாயனம் படிப்பிக்க ஆள் வந்ததே
இரண்டாம் வருசம், இரண்டாம் தவணை.
நியாயம் எனக்கு விளங்குகிறது.
பகலில் முழுதாக விளங்குகிறது.
இரவு பதினொரு மணிக்குப் பிறகு
கொஞ்சம் விளங்காமல் போகிறது.
"இன்னும் முடிவெடுக்கேல்லை" என்று அனுப்பினேன்.

மருத்துவத்துக்குக் கீழே பல்; பல்லுக்குக் கீழே மிருகம்.
பிறகு கைதடியில் சித்த மருத்துவம்,
சைக்கிளில் போய்வரலாம்.
மருந்தகவியல். ஆய்வுகூடம்.
கிளிநொச்சியில் விவசாயம்
(மழை பார்த்தால் போதாதா எனக்கு, ஏன் மண்ணையும்?).
பத்தொன்பதாவதாகத் தாதியியல்.

அம்மா இரவு வேலை முடிந்து விடிய வந்தா.
பெரியாஸ்பத்திரியில் பதினாறு வருசம் சிற்றூழியர்.
தேத்தண்ணிக் கோப்பையைத் தாளின்மேல் வைக்கப் போனவ
வைக்காமல் வாசித்தா.
விரலால் கீழே, கீழே, கீழே போனா.
பத்தொன்பதில் நிண்டா.
"இரவு மூண்டு மணிக்கு மூச்சு முட்டினா
நாங்கள் ஓடிப்போய்க் கூப்பிடுறது இவையளைத்தான்" என்றா.
வேறொன்றும் சொல்லவில்லை.
முகம் கழுவப் போய்விட்டா.
கோப்பையைத் தூக்கினபோது பார்த்தேன்,
தாளில் ஈர வட்டம்:
வைத்துத்தான் இருந்திருக்கிறா.

தாதியியலைப் பதின்மூன்றுக்கு ஏற்றினேன்.
பதினேழுக்கு இறக்கினேன்.
பதினொன்றுக்கு.
யாருக்காக ஏற்றுகிறேன் என்று தெரியாதபோது
இலக்கம் நிற்பதாயில்லை.

வெள்ளிக்கிழமை, கடைசி நாள்.
கொமினிக்கேசனில் மூன்றாவது கொம்பியூட்டர்.
விசைப்பலகையில் ஏழு இறுகிப்போயிருந்தது,
ஏழாம் விருப்பத்துக்கு இரண்டு கையாலும் அமத்தினேன்.
ஒருக்கால் கறண்ட் போய் வந்தது.
எனக்குப் பின்னால் ஒரு பெடியன்
தன் தாளைக் கையால் மறைத்தபடி நின்றான்,
பரீட்சை இன்னும் முடியாதவன்போல.
தாதியியலை ஒன்பதாவதாக அடித்தேன்.
ஏன் ஒன்பது என்று கேட்டால்
இண்டைக்கும் சொல்லத் தெரியாது.

"நாலு பக்கம், எண்பது ரூபா."
முதல் பக்கத்தில் மை கொஞ்சம் இழுபட்டு
பேராதனை நரைத்திருந்தது.
பரவாயில்லை என்றேன்.

பன்னிரண்டு மணி. ஆஸ்பத்திரி வாசலில்
சாப்பாட்டுப் பைகளோடு சனம்.
அம்மா இன்றைக்குப் பகல் வேலை.
காவலாளி என்னைத் தடுத்தார்:
"நோயாளியைப் பாக்கவோ?"
"இல்லை."
"அப்ப?"
ஒரு கையில் கோவை, மறு கையில் சோற்றுப் பார்சல்.
பார்சலைத்தான் தூக்கிக் காட்டினேன்.