பதினைந்து நாள் கடல் கூடாது

படிவத்தில் எட்டுக் கேள்வி.
குடித்திருக்கிறீர்களா, சர்க்கரை உண்டா,
ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும்,
வயிற்றில் பிள்ளை.
எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டு
அஞ்சலாட்சி என்று கையெழுத்திட்டேன்.
தீர்ப்பு வாங்கி எத்தனை நாள் ஆகிறது
என்று ஒரு கேள்வி இருந்திருந்தால்
ஆறு என்று எழுதியிருப்பேன்.

ரங்கப்பிள்ளை வீதி, மாடிக் கடை.
கீழே பிரியாணி வாசம், மேலே டெட்டால்.
ஊசிக்காரன் பெயர் எத்தியேன்.
தமிழ் பேசுவான், வாசிக்க வராது,
பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்.
நான் எழுதிக் கொடுத்ததைக்
கோலம் பார்ப்பதுபோல் பார்த்துப் படியெடுத்து
மணிக்கட்டில் ஒட்டி உரித்தான்.
ஊதா நிறத்தில்
போதும
என்றிருந்தது.

"புள்ளி எங்கே?"
"தூசின்னு நெனச்சேன் மேடம்."
சிரித்துவிட்டேன். அவனும்.
புள்ளி வைக்காத ம,
மூட மறந்த வாய்.

சிப்காட்டில் எனக்குச் சாயம் பார்க்கிற வேலை.
துணித்துண்டை உப்புநீரில் ஊறவைப்பேன்,
விளக்கு வெயிலில் காயப்போடுவேன், தேய்ப்பேன்,
பக்கத்து வெள்ளையில் எவ்வளவு இறங்குகிறது என்று
ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் போடுவேன்.
தொட்டியிலிருந்து வந்த அன்றைக்கே
எந்தத் துணிக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.
ஈரத்தில் எல்லா நிறமும் கெட்டியாகத்தான் தெரியும்.

இதெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.
புள்ளி வை என்று கையை நீட்டினேன்.

கையுறை மாட்டிக்கொண்டே ஒப்பித்தான்:
சொறியக் கூடாது, வெயில் கூடாது,
வாசனை சோப்பு கூடாது,
பதினைந்து நாள் கடல் கூடாது.

நாளை மறுநாள் மாசி மகம்.

சாமிகளெல்லாம் ஊர்விட்டு வந்து
தேவனாம்பட்டினத்தில் இறங்கும்.
ஒன்பது மகம் நான் கரையோடு சரி.
கணுக்கால் நனைந்ததும்
மணலில் செருப்புக்குக் காவல் நின்றபடி
அவர் கத்துவார்:
போதும், ஏறு.
புடவை ஒட்டுது பார்,
போதும்.

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
அழாமல் இந்தச் சொல்லைச் சொன்னேன்,
எனக்கே பெருமை.
யாரிடம் கற்றது என்பது
அந்த ரெக்சின் நாற்காலியில்தான் உறைத்தது.

"வேண்டாம் தம்பி."
"வலிக்குன்னு பயமா மேடம்?"
"கடலுக்குப் போகணும்."
ஊசியை உறைக்குள் வைத்தான்.
முன்பணம் ஐந்நூறு திரும்ப வராது என்றான்.
சரி, வரவேண்டாம்.

இதை வைத்து யாருக்கும் நான் யோசனை சொல்ல மாட்டேன்.
எங்கள் கொதிகலன் பிரிவு வீரபத்திரனுக்கு
முழங்கைக்குக் கீழே மகள் பெயர்,
எழுத்தெல்லாம் ஊறிப் பரவி
இரண்டு மதிப்பெண்கூடத் தேறாத பச்சை.
டிபன் பாக்ஸ் திறக்கும்போதெல்லாம்
அதன்மேல் சாம்பார் தெளித்துக்கொள்வார்.
அழகாகத்தான் இருக்கிறது.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம்.
தவளக்குப்பம் தாண்டியதும்
மணிக்கட்டில் கன்னம் வைத்துத் தூங்கிப்போனேன்.
கடலூரில் இறங்கும்போது நடத்துநர்
சில்லறையைத் தந்துவிட்டு
ஒரு நிமிஷம் முகத்தையே பார்த்தார்.

வீட்டுக் கண்ணாடியில்தான் தெரிந்தது.
வியர்வையில் இறங்கிய ஊதா
கன்னத்தில் இடவலம் மாறி அச்சாகி,
கண்ணாடிக்குள் மட்டும் நேராக,
புள்ளி இல்லாமல்.
எங்கள் அட்டவணைப்படி
இதற்கு ஒன்று.

சோப்புப் போட்டேன்.
முதலில் போனது 'போ'.
மீதி இரண்டெழுத்து
அர்த்தமும் இல்லாமல், விடவும் மாட்டாமல்
காதுவரைக்கும் இழுபட்டது.
தேய்த்த கன்னம் எரிந்தது.

அப்புறம் பீரோவைத் திறந்து
மகத்துக்கு எந்தப் புடவை என்று பார்த்தேன்.
கெட்டிச் சாயமெல்லாம் தள்ளி வைத்துவிட்டு,
முதல் அலையிலேயே நிறம் விடும் என்று
தொழில்முறையில் எனக்குத் தெரிந்த
ஒரு சிவப்பை
எடுத்து வெளியே வைத்தேன்.