கொசுறு

டலூத்தில் பிப்ரவரி.
ஏரி இறுகி, தூக்குப் பாலம்
யாருக்காகவும் எழுந்திருக்காத மாதம்.
கைசாவின் டயர் கடைப் பின்னறை.
ரப்பர் வாடை, ஹீட்டர், ஆறிப்போன பீட்சா,
மேசையைச் சுற்றி மூன்று பேர்.
அட்டைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்,
பூதத்தின் உயிரைப் பென்சிலில் பிடித்தபடி:
பதின்மூன்று.

கைசா உருட்டினாள்.
இருபது முகப் பகடை
கெட்சப் பாட்டிலில் முட்டி, யோசித்து,
இருபதில் உட்கார்ந்தது.

கிரிட்டிக்கல்!
நார்பர்ட் எழுந்தே நின்றுவிட்டார்,
தாதுக் கப்பலில் முப்பது வருஷம் சமைத்து
முழங்கால் தேய்ந்த மனிதர்.

கோடரிக்கு ஒரு பகடை; இரண்டாயிற்று.
கோடரி முனையில் தடவிய தீ எண்ணெய்க்கு ஒரு பகடை;
அதுவும் இரண்டாயிற்று.
நான்கையும் உள்ளங்கையில் குலுக்கி
வாய்வைத்து ஊதிப் போட்டாள்.

ஒன்று. இரண்டு.
தீக்கு ஒன்று. மறுபடி ஒன்று.

ஹீட்டர் மட்டும் பேசியது.

"கூட என் புஜபலம் ஐந்து.
ஈரைந்து பத்து" என்றாள்.
"ஐந்துதான்" என்றான் ஆர்லோ.
வரி அலுவலகத்து எழுத்தர்;
புத்தகம் திறக்காமல் விதி சொல்வான்:
"உருளுவது இரட்டிக்கும்.
எழுதி வைத்தது இரட்டிக்காது."

"என்ன நியாயம் இது?
எண்ணெய் போன வாரம் சந்தையில் வாங்கினது,
ஆறு வெள்ளிக்காசு.
அது ரெண்டு மடங்கு எரியும்.
இந்தக் கை
பதினெட்டு சனிக்கிழமை அடிபட்டு ஏற்றினது.
இது கொசுறா?"

சொல்லும்போது நிஜக் கையைத்தான் நீட்டினாள்.
நட்டு முடுக்கி முடுக்கி
மணிக்கட்டில் பட்டை கட்டிய கை.

அந்த ஐந்தை எனக்குத் தெரியும்.
பகடை இரண்டு விழுந்த இரவிலும் வரும்,
எட்டு விழுந்த இரவிலும் வரும்.
அடி பட்டால் போதும், கூடவே வரும்.
யாரும் அதற்குக் கைதட்டியதில்லை.
கைதட்டும் இரவில் அது வளர்வதும் இல்லை.

நார்பர்ட் சமாதானத்துக்கு வந்தார்:
"கப்பலில் கிறிஸ்துமஸ் அன்று இரட்டைச் சம்பளம்.
பூட்ஸ் படி மட்டும் எப்போதும்போல.
நாங்கள் யாரும் கேட்டதில்லை."
"கேட்டிருக்கணும்" என்றாள்.

மூன்றும் இரண்டும் ஐந்து, ஐந்தும் ஐந்தும் பத்து.
தடுப்புக்குப் பின்னால் மீதி மூன்று.
அவள் கணக்குப்படி
பூதம் இந்நேரம் செத்திருக்கும்.
பென்சிலின் மறுமுனையில் ரப்பர் இருந்தது.
ஒரு மூன்றை அழிக்க எவ்வளவு நேரமாகும்?
அழிக்கவில்லை.
நேர்மை என்றெல்லாம் சொல்லமாட்டேன்,
ஆர்லோ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பூதம் திருப்பி அடித்தது.
கைசாவின் போர்க்காரி
கோடரியோடு பாறையில் சாய்ந்தாள்.
ஆர்லோவின் அம்பு தவறியது.
தவறிய அம்புக்கு
எழுதி வைத்ததும் கிடையாது;
அதையும் அவனேதான் சொன்னான்,
கொஞ்சம் சிறிய குரலில்.

அடுத்து நார்பர்ட்.
அங்கேயும் சமையல்காரர்தான்,
ஆயுதம் காய் நறுக்கும் கத்தி.
பதினான்கு. பட்டது, அவ்வளவே.
யாரும் எழுந்து நிற்கவில்லை.
நான்கு முகச் சின்னப் பகடையை
உப்புப் போடுவதுபோல இரண்டு விரலால் விட்டார்.
ஒன்று.

"மன்னிக்கணும், ஒண்ணுதான்" என்று
பகடையைப் பொறுக்கப் போனார்.

"கூட எவ்வளவு?" என்றேன்.

கண்ணாடியை ஏற்றித் தாளில் தேடினார்.
ஓரத்தில், சாஸ் கறைக்கு அடியில்:
"ரெண்டு."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.
அது வைக்கப்பட்ட விதத்திலேயே
அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.
போட்ட கூச்சலில்
பக்கத்து லாண்டரிக்காரர் சுவரைத் தட்டினார்.
நார்பர்ட் மட்டும் தன் கறைபடிந்த இரண்டை
இப்போதுதான் பார்ப்பவர்போல்
விளக்குக்கு நேரே பிடித்திருந்தார்.

சத்தம் அடங்கியபின் கவனித்தேன்:
கைசா தன் தாளில்
கூட்டல் ஐந்தின் மேல் பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தாள்,
ஏற்கனவே கறுத்திருந்த எண்ணின் மேல்
திரும்பத் திரும்ப.

"யாராவது என்னை எழுப்புங்கப்பா" என்றாள்,
தலை நிமிராமல்.