நாற்பத்தொன்றாம் எண்

மெட்டி கழலவில்லை.
சோப்புத் தண்ணீர், தேங்காயெண்ணெய்,
கடைசியில் நூல் சுற்றி உருவினோம்.
தாலியை அவளே கழற்றி என் கையில் வைத்தாள்:
"எண்ணி வாங்கிக்க. குண்டு எட்டு."

நல்லவாட்டு அஞ்சலாட்சி. பெரிய மார்க்கெட்டில் மீன்.
கோரிமேட்டு ஆஸ்பத்திரிப் படிவத்தில்
எண் நாற்பத்தொன்று.
கட்டத்துக்குள் கட்டம், விடுபட்ட வடிவம் எது என்ற
புதிர்த்தாளில் முப்பதுக்குப் பன்னிரண்டு.
மூக்குக்கண்ணாடி கொண்டுவந்தாயா என்று
யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

டாக்டர் பிலோமின் சொல்வார்:
மூளையின் பருமன் கொஞ்சம் பேசும், அதிகம் பேசாது.
நெற்றி மடலிலிருந்து உச்சிக்குப் பின்னால் போகிற சேதி
எத்தனை இடத்தில் நின்று போகிறது, அதைப் பார்.
கடலூர் பஸ் நேராகப் போகிறதா,
விழுப்புரம் சுற்றிப் போகிறதா?
எல்லாவற்றையும் கூட்டினாலும்
தலைக்குத் தலை உள்ள வித்தியாசத்தில்
பத்தில் ஒரு பங்கு கரைக்கு வந்தால் பெரிது.

முப்பத்தெட்டு நிமிடம் அசையாமல் கிடந்தாள்.
வெளியே வந்ததும் முதல் பேச்சு:
"உள்ள ஒரு பம்பு ஓடுதே,
அஞ்சாவது அடி சறுக்குது.
எங்க போட்டு இஞ்சின் படுக்கறதுக்கு முன்ன
இப்பிடித்தான் இருந்துச்சு."
சிரித்துவிட்டு மெட்டியைக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் எந்திரம் நின்றது.
சென்னையிலிருந்து வந்த பையன்
குளிரூட்டும் பகுதியைப் பிரித்து
தேய்ந்த வளையம் ஒன்றை
உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.
அவள் வரிசையில் அதை எழுத
இடம் தேடினேன். அட்டவணையில்
அப்படியொரு பத்தியே இல்லை.

பஸ் காசு வாங்க வந்தவள் படம் கேட்டாள்.
அச்செடுத்துத் தந்தேன்:
இடம் வலமாக ஓடுவது சிவப்பு,
முன்னும் பின்னும் பச்சை,
தண்டுவடத்துக்கு இறங்குவது நீலம்.
இந்த முறை கண்ணாடி போட்டிருந்தாள்.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்,
கடையில் வலை வாங்குகிறவள் மாதிரி.

"நூலு நெறைய இருக்கு. முடிச்சு எங்க?"

பிலோமின் பேனாவை மூடினார். திறந்தார்.
"அது வேற ஃபைல்ல இருக்கும்மா."

"ரெண்டையும் தனித்தனியா வெச்சுக்கிட்டு
என்னத்தப் புடிப்பீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை.
பதிலுக்கு நிற்கவும் இல்லை, திருக்கை வரும் நேரம்.
படத்தைச் சுருட்டி
அலுமினியக் கூடையில்
ஐஸ் படாத ஓரமாகச் செருகிக்கொண்டாள்.