மீன் கணக்கு

கையை நீட்டுங்கள் உர்மாஸ்,
விரல்களை விரித்து.

நீட்டுகிறார்.
பார்னு வளைகுடாவில் முப்பது குளிர்காலம்
பனிக்கட்டிக்குக் கீழே வலை இழுத்த கைகள்
ஒரு தாளைக்கூடப் பிடிக்கவில்லை.
நடுக்கம், ஐந்து.
வியர்வை, நான்கு.
இன்று என்ன கிழமை?
"நேற்றைக்கு மறுநாள்."
அதற்கு என் படிவத்தில் மதிப்பெண் இல்லை.

குடித்ததால் வந்ததல்ல இது,
நிறுத்தியதால் வந்தது.
அவர் தங்கைக்கு மூன்று முறை சொன்னேன்:
இருபது வருடம்
எதிர்க்காற்றில் சாய்ந்தே நடந்த ஆள்,
காற்று சட்டென்று நின்றால்
முகம் குப்புற விழுவார்.

சர்க்கரைத் தண்ணீர் ஏறும் முன் தயமின்.
வரிசை மாறக்கூடாது.
பிறகு டையாசிபாம்.
ஒரு மணி நேரம் கழித்து
மறுபடி கை, மறுபடி கிழமை.

இரண்டாம் இரவு மீன் வந்தது.
படுக்கை முழுக்க.
"வெள்ளரிக்காய் வாசம் அடிக்குதே, தெரியலையா?"
அந்தப் பொடிமீன் அப்படித்தான் மணக்கும்,
பனி உடையும் மாதத்தில் சந்தை முழுக்க.
போர்வையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி
என் கையில் வைத்தார்.

ஆமாம் போடாதே, வாதாடாதே.
பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.
நிரம்பிய வெறுங்கையை எங்கே வைப்பதென்று
சொல்லித் தரவில்லை.

"எத்தனை?" என்று மட்டும் கேட்டேன்.
முந்நூற்றுச் சொச்சம்.
நாடி நூற்று முப்பது.
டாக்டர் லீவி தலைகூடச் சீவாமல் வந்து
மருந்தைக் கூட்டினார்.
விளக்கை அணைக்கவில்லை.
இருட்டில் சுவர் விரிசலுக்கும் கால் முளைக்கும்.

மூன்றாம் இரவு நாற்பது.
போன வருடம் இந்த எண்ணோடுதான்
கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறினார்.
செருப்பை எட்டிப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
விடியும்போது பதினொன்று.

நான்காம் இரவு
நடுக்கம் இரண்டு. வியர்வை இல்லை.
வியாழன் என்றார். வியாழன்தான்.
குவித்த கையை நெஞ்சோடு வைத்திருந்தார்.
"ஒண்ணே ஒண்ணு பாக்கி.
இல்லைன்னு எனக்கே தெரியும்.
ஆனா துடிக்குது."

ஜன்னலைத் திறந்தேன்.
மைனஸ் பதினாறு உள்ளே வந்தது.
என் தோளைப் பற்றி எழுந்து
வெளியே நீட்டி, விரல்களை விரித்தார்,
நான் கேட்காமலே.
கொஞ்ச நேரம் இருவரும் கீழே பார்த்தோம்.
பனி. இரண்டு கார். என் சைக்கிள்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
இரண்டு நாற்பது. அறைக்குக் காற்றோட்டம்.
சூப் கேட்டார்.