குழாய் எட்டிய தூரம்

ஹெய்மாய் தீவில், எழுபத்து மூன்று மார்ச்சில்,
ஈஸ்லெய்ஃபூரும் நானும் ஒரே குழாயைப் பிடித்திருந்தோம்.
கடலை உறிஞ்சி எரிகுழம்பின் முகத்தில் பீய்ச்சினோம்,
துறைமுகமாவது பிழைக்கட்டும் என்று.
அவன் வீடு பிழைக்கவில்லை.
தவணை முடியாத குளிர்பதனப் பெட்டியோடு
உள்ளே போயிற்று.

இரண்டு வருடம் கழித்து
அந்தக் கல்லில் ஒரு சில்லை
முடியைவிட மெல்லியதாய்த் தேய்த்து
நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன்.

முதலில் ஆலிவின்.
மலை வாய் திறக்குமுன்பே, ஆழத்து இருட்டில்,
கொதிப்பு சற்றே இறங்கியபோது உருவானது.
ஒரு சிலிக்கன், சுற்றிலும் நான்கு ஆக்சிஜன்;
அந்த நான்முகிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை,
நடுவில் இரும்பும் மக்னீசியமும் காவல்.
சூடு தணியத் தணியத்தான்
கூச்சம் விட்டுக் கைகோக்கின்றன:
பைராக்சீனில் சங்கிலியாய்,
ஃபெல்ட்ஸ்பாரில் ஓர் ஊராய்.

இத்தனைக்கும் அவகாசம் வேண்டும்.

பொன்னும் நீலமுமாய் மின்னும் துணுக்குகளைத் தாண்டித்
தட்டைச் சுழற்றினேன்.
ஓரத்தில் கறுப்பு.
எப்படித் திருப்பினாலும் கறுப்பு.
கண்ணாடி.
அணுக்கள் தம் இடம் தேடி நடந்துகொண்டிருந்தபோது
நடந்த காலோடு உறைந்துபோனவை.

அது எங்கள் தண்ணீர் எட்டிய தூரம்.

ஈஸ்லெய்ஃபூரிடம் தொலைபேசியில் சொன்னேன்.
வெகுநேரம் பேச்சில்லை.
"என் சமையலறைக்கு மேலே?"
அங்கே எண்பது மீட்டர் கனம்.
குழாய் எட்டவில்லை. இன்னும் சூடு.

"அப்படியென்றால்
அங்கே எல்லாம் முழுசாய் வளரும்" என்றான்.
பிறகு மீன் விலை பேசினோம்.