கோன் அடைத்த இடம்

பெரியபட்டினத்தில் நெய்ச்சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான்
பார்த்தேன்,
மணப்பெண்ணின் இடது உள்ளங்கையில்
என் கொடி.

வளைவு என்னுடையது.
மணிக்கட்டில் அது மூச்சு வாங்கித் திரும்பும் இடம் என்னுடையது.
இருந்தும், கொடிதானே, யாருக்கும் வரும் என்று விட்டிருப்பேன்;
ஐந்தாவது இலை பாதியில் நின்றிருந்தது.

போன ஷஃபான் மாதம், கீழக்கரையில், கரண்ட் போன இரவு
கோன் நுனியில் கட்டி அடைத்து
அழுத்தினேன், வரவில்லை, குண்டூசி தேடுவதற்குள்
மர்ழியா கையை மடக்கிவிட்டாள்.
அப்படி நின்ற இலை அது.
என் பிழையைக்கூட
ஒரு நூல் பிசகாமல் எடுத்திருக்கிறாள் சபூரா.

சோறு இறங்கவில்லை.

ராமநாதபுரம் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில்
வக்கீல் செய்யது இபுராம்சா
மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுச் சொன்னார்:
தாளில் வரைந்திருந்தால் தாளில் இருப்பது உங்களுடையது.
டிசைன் என்று பதிய ஒரு பொருள் வேண்டும்,
சேலை, தட்டு, செருப்பு, ஏதாவது.
கை பொருளா என்றால், தெரியாது.
பதியாமல் மெஷினில் ஐம்பதுக்கு மேல் போட்டால்
இருக்கிற உரிமையும் போய்விடும்.

இந்த சீசனில் அறுபத்து மூன்று கை போட்டேன் என்றேன்.
என் விரலை மெஷின் கணக்கில் சேர்ப்பதா என்று
அவருக்கே குழப்பம்.
பீஸ் வாங்கவில்லை. மகளுக்கு நிக்காஹ் வருகிறதாம்.

பஸ் திருப்புல்லாணி தாண்டும்போது
எனக்கு நானே குறுக்கு விசாரணை.
கொடியை எங்கே எடுத்தாய்?
கொழும்பு மச்சி அனுப்பிய போட்டோவில்.
விசிறி இலை?
ஜெட்டியில், வலையோடு வந்த கடல்விசிறியில்.
அதைக் கையில் வைத்திருந்தாலே கேஸ் என்று
வனத்துறை ஆள் பிடுங்கிக்கொண்டு போனார்.
அதன் கோடு என்னிடமே தங்கிவிட்டது.
அதைக் கேட்க ஆள் வரவில்லை.

நம்மூர் உப்புத்தண்ணியில்
பன்னிரண்டு நாளில் எல்லாம் வெளுக்கும்.
வாதியும் வெளுப்பாள்.

நேற்று ஏர்வாடியிலிருந்து ஒரு பெண்.
போனை நீட்டி, "அக்கா, இதே மாதிரி."
சபூரா புதிதாய்ப் போட்ட கை.
நின்ற இலைக்கு நேர் கீழே
சின்னதாய் ஒரு புள்ளி வைத்திருந்தாள்,
இலை ஒன்றும் நிற்கவில்லை,
எதையோ சொட்டிவிட்டுப் போகிறது என்பதுபோல்.

பெரிதாக்கிப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.
எனக்குத் தோன்றவில்லையே.

வைத்தேன், அந்தப் புள்ளியை.
இருநூறு ரூபாய் கூடவும் வாங்கினேன்.