பூஜ்யத்திலிருந்து நூறுவரை

திபிலிசியில், மண்ணுக்கடியில் எனக்கு வேலை.
மெட்ரோவின் நகரும் படிக்கட்டு முடியும் இடத்தில்
ஒரு கண்ணாடிக் கூண்டு, நாற்காலி, ஒலிவாங்கி.
"வலப்பக்கம் நில்லுங்கள். படியில் உட்காராதீர்கள்."
பத்தொன்பது வருடமாக இதைத்தான் சொன்னேன்.
முகங்கள் மேலிருந்து வரும்,
பெரிதாகும், கடக்கும்.
ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை.
எனக்கும் அது பிடித்தே இருந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
காற்று தீர்ந்துவிட்டது.
கூண்டுக்குள் மட்டும்.
வெளியே எல்லோரும் மூச்சுவிட்டபடிதான் போனார்கள்.
விரல் மரத்தது, நெஞ்சு அடைத்தது.
மக்வாலா சாகிறாள், மக்வாலா சாகிறாள் என்று
எனக்கு நானே அறிவித்துக்கொண்டேன்.
நல்லவேளை, ஒலிவாங்கி அணைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் இதயத்தைக் கோடாக வரைந்து பார்த்தார்கள்.
"ஒன்றுமில்லை" என்றார் டாக்டர்.
அந்த ஒன்றுமில்லையைத் தூக்கிக்கொண்டு
நாலு மாடி ஏறினேன். லிஃப்டுக்குள் நிற்கப் பயம்.

பிறகு படுக்கை.
மார்ச் போனது, ஏப்ரல் போனது,
கோப்பைகளில் காப்பிச் சக்கை காய்ந்து வெடித்தது.
கணவர் குராம் நல்லவர்.
"மனசைத் திடப்படுத்து" என்றார்,
போல்ட்டை முறுக்கச் சொல்வதுபோல.
எதிர்வீட்டு சியாலா எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாள்.
ஏற்றட்டும்.
எனக்கு அழுகைகூட வரவில்லை.
அழ ஓர் ஆள் வேண்டுமே உள்ளே.

செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே தோர்னிகேயின் அறை.
என் மகன் வயது. தீராத ஜலதோஷம்.
முதல் மூன்று வாரம் கரண்ட் பில்லைப் பற்றியே பேசினேன்.
கேட்டுக்கொண்டிருந்தான்.
எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் சொல்லவே இல்லை.
அதனால்தான் நாலாவது வாரமும் போனேன்.

"இப்போது பயம் எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து நூறுவரை?"
பயத்துக்கெல்லாம் எண் உண்டா?
எண்பத்தைந்து என்றேன், கோபமாக.
காய்ச்சல்காரியின் டிகிரியைக் குறிப்பதுபோல எழுதிக்கொண்டான்.
அன்றுமுதல் அது என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளி,
ஒரு தாளில் இருந்தது.

வீட்டுப்பாடம்: நாளைக்கு ஒரு கோப்பை கழுவ வேண்டும்.
மனசு வந்த பிறகல்ல. மனசு வராமலே.
நாற்பத்தெட்டு வயதில் கோப்பைப் பாடம்!
ஆறாவது கோப்பையில்
தண்ணீர் சுடுவது தெரிந்தது.
கையில். என் கையில்.

அடுத்து, நிலைய வாசலின் சிவப்பு எழுத்தைப் பார்த்துத் திரும்புதல்.
அடுத்து, உள்ளே போய் ஐந்து நிமிடம் நிற்றல்.
இரண்டு தடவை ஓடிவந்தேன்.
ஓடியதையும் எழுதச் சொன்னான்.

ஜூனில் படிக்கட்டில் கால் வைத்தேன்.
ஒரு படி பின்னால் அவன், மூக்கை உறிஞ்சியபடி.
எழுபது.
தொண்ணூறு.
"திரும்பிப் போகலாமா?" என்றேன்,
திரும்ப முடியாத படிக்கட்டில்.
"ஒன்றும் செய்ய வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."
இருந்தது.
நானும் இருந்தேன்.
பாதி வழியில், நான் தள்ளாமலே,
ஏறிய சனியன் தானாக இறங்கத் தொடங்கியது.
கீழே என் கூண்டில் வேறொருத்தி.
எவ்வளவு சின்னக் கூண்டு!
அவளைப் பார்த்துத் தலையசைத்தேன்.
திடுக்கிட்டுப் போனாள்.

குணமாகிவிட்டதா என்று கேட்கிறார் குராம்.
சில காலைகளில் படுக்கை இன்னும் காலைப் பிடித்து இழுக்கிறது.
இழுக்கட்டும் என்று எழுந்துபோய்க் கோப்பையைக் கழுவுகிறேன்.
மீண்டும் கூண்டில்தான் வேலை,
ஒலிவாங்கியும் வேலை செய்கிறது.

இனி மாதம் ஒருமுறை போதும் என்று அவன் சொன்ன அன்று
பணம் கொடுத்து, படியிறங்கி, தெருவுக்கு வந்தபின்
குடை ஞாபகம் வந்தது.
மேலே ஓடினேன்.
மேசையில் காகிதம் விரித்து
சீஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தான், கன்னம் உப்ப.
அவன் கேட்கவில்லை. நானே சொன்னேன்:
"முப்பது."
வாய் நிறைய ரொட்டி;
பேனாவைத் தேடினான்.